முப்பத்தோராம் நாள்



கூத்தாநல்லூரில் ஆண்டுதோறும் நடக்கும் ஒன்றை மருத்துவத் துறை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறவர் ரமலான் பிறந்ததும் சஹரிலிருந்து நோன்பு திறக்கும் வரை, பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, பீடியைத் தொடுவதில்லை. அதற்கு மருந்து இல்லை, மருத்துவர் சீட்டு இல்லை. கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், வெயிலில் நடக்கிறார், எரிச்சல் வந்தால் அடக்கிக்கொள்கிறார். ஒரு மாதம் முழுக்க இப்படி. பக்கத்து ஊரில் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர் ஒரு மண்டலம் டாஸ்மாக் கடையைத் தாண்டி நடந்து போகிறார். இதே இருவரையும் ரமலானுக்கு அடுத்த ஷவ்வாலிலோ தை மாதத்திலோ சந்தித்து, இதை விட்டுவிடலாமே என்று கேளுங்கள். "நம்மளால முடியாதுங்க" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முடிந்தது உண்மை, முடியாது என்று மனதார நம்புவதும் உண்மை. நான் வேலை செய்வது இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே.

பீடியும் சாராயமும் சர்க்கரையும் தீங்கு என்பது தெரியாமல் யாரும் நோயாளியாவதில்லை. 2016 முதல் புகையிலைப் பொட்டலங்களின் பரப்பில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படம்தான். அழுகிய கன்னத்தின் படத்தைத் தினமும் கையில் எடுத்து, அதைக் கிழித்துத்தான் உள்ளே இருப்பதை எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2013இலேயே குட்காவுக்குத் தடை வந்தது. சோறு சர்க்கரையை ஏற்றும் என்று சொல்லாத மருத்துவரும் இல்லை, அதைக் கேட்காத நோயாளியும் இல்லை. இத்தனைக்குப் பிறகும் புறநோயாளிப் பிரிவில் நாம் செய்வது என்ன? தெரிந்ததையே இன்னும் உரக்கச் சொல்கிறோம். "குறைச்சுக்குங்க." "வாக்கிங் போங்க." "இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்." இரண்டு நிமிடத்தில் அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போய், வாசலிலேயே ஒன்று பற்றவைக்கிறார்.

அவர் திமிர் பிடித்தவர் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மனித மனம் அப்படி வேலை செய்வதில்லை. எந்தப் பழக்கத்திலும் ஒரு மனிதருக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் விட வேண்டும் என்கிறார், இன்னொருவர் எதற்கு என்கிறார். வெளியே இருக்கும் நாம் விடு என்று அழுத்திச் சொல்லும்போது முதலாமவரின் வேலையை நாமே எடுத்துக்கொள்கிறோம். அவருக்கு மிச்சம் இருப்பது இரண்டாமவரின் கட்சிதான். அதைப் பேசிப் பேசி, தன் வாயால் சொன்னதைத் தானே நம்பி, பழக்கத்தில் இன்னும் உறுதியாகிவிடுகிறார்.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலர் 1982இல் நார்வேயின் பெர்கன் நகரத்துக்கு அருகே ஒரு குடிநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலர்கள் ஒரு குடிநோயாளியிடம் எப்படிப் பேசுவீர்கள், நடித்துக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். நடித்தார். நடுநடுவே நிறுத்தி, இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள், அந்த இடத்தில் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று துருவினார்கள். தான் செய்வது என்னவென்று அந்தக் கேள்விகளால்தான் அவருக்கே தெளிவானது. 1983இல் அதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்நிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக்கினார். ஊக்குவிப்பு நேர்காணல் என்று இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் முறை இதுதான். 1993இல் மில்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று என் தொழிலில் இருக்கும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது. ஆலோசகர் குடிப்பவரை எவ்வளவுக்கு எவ்வளவு மறுத்து மடக்கிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நபர் ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அக்கறையோடுதான் கண்டித்தார்கள். அந்தக் கண்டிப்பே தீங்கு செய்தது.

அப்படியானால் எப்படித்தான் பேசுவது? பயிற்சிக்கு வரும் செவிலியர்களுக்காக நான் அமைத்துக்கொண்ட ஓர் உரையாடலைச் சொல்கிறேன். இது நடந்த ஒன்றின் பதிவு இல்லை. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு பதிலையும் பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். கேட்பவர் செவிலியர். எதிரே இருப்பவருக்கு ஐம்பத்தைந்து வயது, சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

"பாய், பீடியை விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? ரூபாய்க்கு எத்தனை காசுன்னு சொல்லுங்க."

"ஒரு அறுபது காசு இருக்கும்மா."

"அறுபதா? ஏன், இருபதுன்னு சொல்லாம அறுபதுன்னு சொல்றீங்க?"

"பேத்தி மடியில வந்து உக்காந்தா மூஞ்சியத் திருப்பிக்குது. நாத்தம் அடிக்குதுங்குது. மாடி ஏறுனாலும் இரைக்குது."

"அது திருப்பிக்கிறப்ப உங்களுக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுது."

"ஆவாதா? அதோட அத்தா சபர்ல இருக்காரு. இங்க எல்லாத்துக்கும் நான்தான்."

"சரி. விட முடியும்ங்கிற நம்பிக்கை எத்தனை காசு?"

"அது இருபதுதான்."

"இருபது இருக்குல்ல. அந்த இருபது எங்கேருந்து வந்துச்சு?"

"நோன்புல பகல் முழுக்க இருக்கேனேம்மா."

செவிலியர் புற்றுநோய் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஏன் இருபது இல்லை என்று கீழ்நோக்கிக் கேட்டார். ஏன் நூறு இல்லை என்று மேல்நோக்கிக் கேட்டிருந்தால் பாய் பீடியின் பக்கம் நின்று வாதாடியிருப்பார். கீழ்நோக்கிக் கேட்டதால் விடுவதற்கான காரணங்கள் அவர் வாயிலிருந்தே வந்தன. அவருடைய நாற்பது வருடப் பீடியை எதிர்த்து நிற்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் பேத்திதான். எந்த மருத்துவருக்கும் அவள் பெயர் தெரியாது. மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் பதில். தன்னால் முடியும் என்பதற்கான சான்றை அவர் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஆலிம்கள் இருக்கும் அவை இது. நோன்பு இபாதத், இறை வழிபாடு. அதை உடல்நலத் திட்டமாகச் சுருக்க எனக்கு உரிமை இல்லை, விருப்பமும் இல்லை. நோன்பு திறந்ததும் இரவு முழுக்கப் பீடியை அடுக்கடுக்காகக் குடித்துப் பகலுக்கு ஈடுகட்டுபவர்கள் இருப்பதும் தெரியும். நான் பார்ப்பது நோன்பு வைக்கும் மனிதரிடம் வெளிப்படும் திறமையை. அந்தத் திறமை ஏன் அந்த மாதத்தில் மட்டும் வெளிப்படுகிறது, மற்ற பதினோரு மாதமும் எங்கே போய்விடுகிறது?

முதலில், எண்ணம் முந்திய இரவே வைக்கப்படுகிறது. இன்ன நாளின் நோன்பு என்று நாள் குறித்து நிய்யத் செய்யப்படுகிறது. ஜெர்மானிய உளவியலர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதற்கு அருகேதான் வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொதுவான ஆசை பெரும்பாலும் ஆசையாகவே நின்றுவிடுகிறது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எது நடந்தால் எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே கட்டிவைத்த தீர்மானம் செயலாவதற்கு வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, அந்த மாதம் ஊரே மாறிவிடுகிறது. டீக்கடைகளில் பகலில் திரை தொங்குகிறது. சஹருக்கு எழுப்ப ஆள் வருகிறது. வழக்கமாகப் பீடியை நீட்டும் நண்பரும் நோன்பாளி. யாராவது தெரியாமல் நீட்டினாலும் "நோன்பு" என்றால் போதும், மறுபேச்சு இல்லை, வருத்தமும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர்ப்பக்கம் பீடி, வெற்றிலை, டீ எல்லாமே மரியாதை. கொடுத்ததை மறுத்தால் கொடுத்தவரையே மறுத்ததாக அர்த்தம். ரமலானில் மறுக்க ஒரு சொல் இருக்கிறது. மாலை போட்டவருக்கும் இருக்கிறது, "சாமி" என்று கூப்பிடும்போதே எதிரே இருப்பவர் கிளாஸை மறைத்துக்கொள்கிறார். பெருநாளுக்கு மறுநாள் அவரிடம் அப்படி ஒரு சொல் இல்லை. ஆகவே அவருக்கு ஒரு சொல்லைத் தயார் செய்து கொடுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. "நெஞ்சு டாக்டர் சத்தியம் வாங்கிட்டாரு" என்பார் ஒருவர். "பேத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்பார் இன்னொருவர். எதுவானாலும் அவரே தேர்ந்தெடுத்து, நம் முன்னால் நான்கு முறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாய் பழகாத மறுப்பு, நேரம் வரும்போது வருவதில்லை.

மூன்றாவது, களா. சிகிச்சையாளர்கள் வந்து கற்றுக்கொள்ள வேண்டிய இடம் என்று நான் கருதுவது இதைத்தான். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. காரணத்தோடு விடுபட்ட நோன்பைப் பிறகு வைத்து நிறைவு செய்கிறார்கள். மறந்து சாப்பிட்டுவிட்டால் நோன்பு முறிந்துவிடுவதில்லை. ஒரு நாள் விட்டுப்போனதால் ரமலானே போய்விட்டது, மிச்ச நாட்களும் வேண்டாம் என்று சொல்லும் ஒரு முஸ்லிமை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் அதே மனிதர், பீடியை விட்ட பன்னிரண்டாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் ஒன்றை இழுத்துவிட்டால், "போச்சு, எல்லாம் போச்சு" என்று அன்றிரவே ஒரு கட்டு வாங்குகிறார். அமெரிக்க உளவியலர் ஆலன் மார்லட், ஜூடித் கோர்டனுடன் சேர்ந்து 1985இல் எழுதிய நூலில் இந்தத் தருணத்தை நுணுக்கமாக விளக்கியிருக்கிறார். ஒரு சறுக்கல் முழு வீழ்ச்சியாவது அந்த ஒற்றைப் பீடியின் நிகோடினால் நடப்பதில்லை. "நான் எதற்கும் லாயக்கில்லாதவன்" என்று அதைத் தொடர்ந்து வரும் எண்ணம்தான் கீழே தள்ளுகிறது. எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அது உண்மையா என்று விசாரிக்கும் முறையை 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வு சிகிச்சைக்காக வகுத்தார். இங்கே அதே முறை பீடிக்கு வருகிறது. பதினோரு நாள் விட்டவர், ஒரு நாள் சறுக்கினார். பன்னிரண்டில் பதினொன்று என்றால் லாயக்கில்லாதவரா? இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட வேண்டும். விட்டதைப் பிறகு நிறைவு செய்யலாம் என்ற மனநிலையை அவர் சிறுவயதிலிருந்தே வாழ்ந்து பழகியிருக்கிறார். நம் வேலை அதை நினைவூட்டுவது.

நடவு வயலில் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பெண்களிடம் இவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் வேறொன்று கேட்க வேண்டும். இது உங்களுக்கு என்ன செய்து கொடுக்கிறது? கெடுதலைப் பற்றிய கேள்வியை அவர்கள் நூறு முறை கேட்டிருக்கிறார்கள். நன்மையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பதில் உடனே வரும். குனிந்து நடும்போது இடுப்பு வலி தெரியாது. காலையில் சாப்பிடாமல் வந்தால் பசி தெரியாது. பல் குத்தல் மட்டுப்படும். மூன்றும் நியாயமான தேவைகள். பசிக்கும் வலிக்கும் மருந்தாக இருப்பதைப் பிடுங்கினால் அந்த இடத்தில் என்ன வைக்கப் போகிறோம்? விடிவதற்குள் ஒரு வாய்ப் பழையது, பல் மருத்துவரிடம் ஒரு நடை, கூட்டமாக நிமிர்ந்து நின்று இடுப்பை நீட்டிக்கொள்ள ஒரு நேரம். இவற்றில் எது முடியும் என்று அந்தப் பெண்களோடு சேர்ந்து யோசிக்காமல் வாய்ப்புற்றுநோய்ப் படத்தைக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

குடிக்கு வருகிறேன். இதற்கு உலகமே பார்த்த ஒரு முன்னுதாரணம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, நம்மில் பலர் மறந்துவிட்டோம். இங்கிருந்து வடக்கே, குடவாசல் பக்கம் மஞ்சக்குடி. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். 1980இல் அவர் பெயரால் ஒரு மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிந்தது அதைத்தான். சில ஆண்டுகளிலேயே ஓர் உண்மை தெரிந்தது. தஞ்சைக் கிராமத்துக் கூலித் தொழிலாளியால் சென்னைக்குப் போய் ஒரு மாதம் படுத்திருக்க முடியாது. கூலி போகும், ஊரில் பேச்சு வரும், மனைவி குழந்தைகளை யார் பார்ப்பது? எனவே 1989இல் சிகிச்சையே மஞ்சக்குடிக்கு வந்தது. பதினைந்து நாள் முகாம். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் ஊரிலேயே தங்கினார்கள். மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் உடன் இருந்தார்கள். மனைவிமாருக்கும் குடும்பத்தாருக்கும் தனி அமர்வுகள். ஊர்ப் பெரியவர்களும் பொறுப்பேற்றார்கள். முகாம் முடிந்த பிறகு மாதக்கணக்கில் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ விருதும், 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருதும் கிடைத்தன. மஞ்சக்குடி முகாம் பிற ஊர்களுக்கும் மாதிரியானது.

ஊருக்குள் வந்ததுதான் அந்த முகாமின் பலம் என்று நினைக்கிறேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் அடுத்த ஊர்க்காரர். முகாமுக்குப் பிறகு சந்தையிலும் களத்திலும் அவரைப் பார்த்தாக வேண்டும். குடியை விட்டவரை ஊர் வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்குகிறது. "பழைய குடிகாரன்" என்ற பெயரே அவரைத் திரும்பவும் கடைக்கு இழுத்துப்போகும் கயிறு. ஊரே சேர்ந்துதான் அதை அவிழ்க்க முடியும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்ல வேண்டும். பீடியை ஒரே நாளில் நிறுத்தலாம். எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், உயிருக்கு ஆபத்தில்லை. பல வருடமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி நடந்தால் சாமி வந்ததென்றும் காத்து கருப்பு என்றும் நினைத்துவிடுகிறார்கள். அது மருத்துவ அவசரம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சக்குடியில் மருத்துவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்திருந்ததன் காரணம் அதுதான்.

அந்த அளவுக்குப் போகாமல், ஆனால் கெடுதல் வரும்படி குடிப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்காக கோவாவில் சங்கத் என்ற அமைப்பின் விக்ரம் படேல், அபிஜித் நட்கர்னி முதலியோர் செய்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், 377 ஆண்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு, ஊக்குவிப்பு நேர்காணலை அடிப்படையாகக் கொண்ட பேச்சு சிகிச்சையும் சேர்த்துத் தரப்பட்டது. அதிகபட்சம் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குள். பேசியவர்கள் மருத்துவர்களோ மனநல நிபுணர்களோ அல்லர். அதே வட்டாரத்தில் இருந்து எடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண மக்கள். மூன்று மாதம் கழித்து, முந்தைய இரண்டு வாரமும் தொடாமல் இருந்தவர்கள் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 42 விழுக்காடு, மற்றவர்களில் 18. குடியைத் தொடர்ந்தவர்களின் அளவு பெரிதாகக் குறையவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இதை எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. பட்டம் இல்லாத, ஆனால் கேட்கத் தெரிந்த ஓர் ஊர்க்காரரால் இவ்வளவு முடியும் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

சர்க்கரை நோயில் தமிழ்நாடு உலகத்துக்கே பாடம் சொன்ன மாநிலம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. அதைவிட அதிகமானோர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள். விளிம்பில் நிற்பவரைத் தடுத்து நிறுத்த முடியுமா என்று சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்றாண்டு பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்டார்கள். உணவும் நடையும் மாறியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்தது 26.4. மாத்திரைக்கு நிகராக நடத்தை மாற்றம் நின்றது. அதே குழு பிறகு 537 ஆண்களிடம் செல்போன் குறுஞ்செய்திகளை மட்டும் வைத்து ஓர் ஆய்வு செய்தது, 2013இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே செய்தி போகவில்லை. இன்னும் யோசிக்கவே தொடங்காதவர், யோசிப்பவர், தயாராகிவிட்டவர், செய்யத் தொடங்கியவர் என்று மனம் நிற்கும் படியைப் பார்த்துச் செய்தி அனுப்பினார்கள். இரண்டாண்டில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. யோசிக்கவே தொடங்காதவரிடம் நடைப்பயிற்சி அட்டவணையை நீட்டுவது ஏன் வீண் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் வேலைக்குப் போகும் ஆண்கள். என் கவலை இந்த ஊரின் பெண்களைப் பற்றியது. கணவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். பிள்ளைகள் சென்னையில். வீடு பெரிது, வேலைக்கு ஆள் உண்டு, முழங்கால் வலி உண்டு, சர்க்கரை 280. காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரையில் நடங்கள் என்று எழுதிக் கொடுத்தால், தெருவில் தனியாக நடப்பது அவருக்கு வழக்கமில்லை. அவர் அதை மருத்துவரிடம் சொல்லவும் மாட்டார். சரி என்று சொல்லிவிட்டு வருவார். அவரிடம் கேட்டால்தான் வழி தெரியும். பஜ்ர் தொழுகைக்கு எப்படியும் எழுகிறார். தொழுத கையோடு மொட்டை மாடியில் இருபது நிமிடம். பக்கத்து வீட்டு மாடியில் அவர் மச்சி. இரண்டு மாடிக்கும் நடுவே கைப்பிடிச் சுவர்தான், பேசிக்கொண்டே நடக்கலாம். ஏற்கெனவே வேரூன்றிய ஒரு செயலோடு புதியதைக் கட்டுவது, துணைக்கு ஓர் ஆள் வைப்பது, இடத்தை அவரே தேர்ந்தெடுப்பது என்று பாடப்புத்தகத்தில் மூன்று தனித்தனி உத்திகளாக இருப்பவை அந்த மாடியில் ஒன்றாகிவிடுகின்றன.

சாப்பாட்டில் சிக்கல் வேறுவிதம். நெல் விளையும் மண்ணில், மூன்று வேளையும் சோறு கண்ட வயிற்றிடம், சோற்றைக் குறை என்பது கையைக் குறை என்பது போலக் கேட்கும். கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து கைபோடும்போது, தன் பங்கு எவ்வளவு என்று யாரால் அளக்க முடியும்? "ஒரு கப்" என்று உணவு அட்டவணையில் எழுதியிருப்பதற்கு அங்கே பொருளே இல்லை. சஹனை விட்டு எழுந்து தனித் தட்டு கேட்பதும் உறவை முறிப்பதுபோல் ஆகிவிடும். அதனால் அன்றைக்கான திட்டத்தைச் சஹனுக்கு வெளியே வைக்க வேண்டும். போகும் முன் வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டலோ காய்கறியோ, சஹனில் கறியின் பக்கம் உட்காருவது, இனிப்பை வாங்கிப் பேரப்பிள்ளைக்கு மடித்து எடுத்து வருவது, மறுநாள் காலைச் சர்க்கரையை அளந்து எழுதுவது. எழுதி வைப்பதை எளிதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய தடுப்பு ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றம் நோயை 58 விழுக்காடு குறைத்தது. பங்கேற்றவர்களுக்குத் தந்த அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்று, தான் உண்டதையும் நடந்ததையும் தானே குறித்துவைப்பது.

இதையெல்லாம் யார் செய்வது? 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் அதே தெருவின் பெண்கள். அடுப்படி வரை போக முடிந்தவர்கள். "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்ற கேள்வியோடு அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏன் இருபது இல்லை என்ற கேள்வியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்கித்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே சுமக்கும் பெண்களின் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றுவதை நான் ஆதரிக்கவில்லை.

அதோடு, மனதை மட்டும் மாற்றினால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். 2003 முதல் அரசே சில்லறையில் மது விற்கிறது. வயல் வேலை முடிந்து வருபவர் வீட்டுக்குப் போகும் வழியில் கடை இருக்கும்போது, உறுதியாக இரு என்று அவரிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை. கடை எங்கே இருக்க வேண்டும் என்று கிராமசபையில் பேசுவதும் சிகிச்சைதான். ரமலானில் டீக்கடைத் திரை செய்வதை மற்ற மாதங்களில் வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

இனி இந்த ஊரில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகள் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்க வேண்டும் என்பது இன்று உலகளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். அதே சந்திப்பில் பீடியைப் பற்றியும் அந்த ரூபாய்க் கேள்வியைக் கேட்டுவிடலாம். ரமலானின் கடைசிப் பத்தில், இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் நிறைந்திருக்கும் நாட்களில், விட விரும்புகிறவர்களோடு பெருநாள் காலைக்கான திட்டத்தை எழுத வேண்டும். தொழுகை முடிந்து வெளியே வந்ததும் யார் பக்கத்தில் நிற்பது, வழக்கமாகப் பற்றவைக்கும் அந்த மூலையைத் தவிர்த்து எந்த வழியாக வீடு திரும்புவது, நீட்டியவரிடம் என்ன சொல்வது, தவறிவிட்டால் அன்று மாலை யாருக்குப் போன் செய்வது. ஷவ்வாலின் ஆறு நோன்பு வைக்கிறவர்களுக்கு அந்த ஆறு நாளும் பாலமாக உதவும். மாலை கழற்றும் நாளுக்கும் இதே போன்ற தாள் ஒன்று எழுதலாம். குருசாமிகள் மனம் வைத்தால் கோயிலிலேயே எழுதலாம். புகையிலையை விட 1800 11 2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. மனநல உதவிக்கு 14416.

இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்கும் அறக்கட்டளையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ரமலானுக்கு முன்னால் இந்த ஊரிலும் பக்கத்துக் கிராமங்களிலும் இருந்து பத்துப் பேரை, எல்லாச் சமூகத்தாரையும், பாதிக்கு மேல் பெண்களாக, தேர்ந்தெடுங்கள். அவர்களுக்கு ஊதியமும் ஓராண்டு மேற்பார்வையும் வேண்டும். பயிற்சியை நான் இங்கே வந்து தருகிறேன். பெருநாளுக்குப் பிறகு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் சறுக்கித் திரும்பியிருக்கிறார்கள் என்று எண்ணி, நல்லதோ கெட்டதோ, இதே மேடையில் படிப்போம். யார் யார் வருகிறீர்கள் என்பதைக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.